பதினெட்டு முடிந்த மறுநாள்

நாகர்கோவில் கோட்டாறு சந்தையைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒற்றை அறை வாடகைக்குக் கேட்டுப் போனால், அட்வான்ஸ் பேச்சுக்கு முன்பே ஒரு விசாரணை வந்துவிடும்: “யாரு மக்கா நீ, அப்பா என்ன செய்யாரு?” கேட்பவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. முன்பின் தெரியாத பையனுக்குச் சாவி கொடுக்கும் எந்த வீட்டுக்காரரும் கேட்பதுதான். ஆனால், குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்து பதினெட்டு முடிந்து வெளியே வந்த பிள்ளை அங்கேயே நின்றுவிடும். அப்பா பெயர் கேட்கும் இடத்தில் அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை. அட்வான்ஸ் கட்டக் கையில் பணமும் இல்லை. இருப்பதெல்லாம் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் ஆதார், பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ், டி.சி.

பெற்றோர் இருக்கும் வீட்டில் பதினெட்டு வயது என்பது ஓட்டுப் போடும் வயது, அவ்வளவுதான். அதன் பிறகும் காலேஜ் ஃபீஸ் கட்டுவார்கள். வேலை தேடிச் சென்னைக்குப் போகிறவனை நாகர்கோவில் ஜங்ஷன்வரை வந்து ரயிலேற்றி, கையில் ரூபாயைத் திணிப்பார்கள். நாஞ்சில் நாட்டில் மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் சீர் செய்வது ஓய்வதில்லை. இல்லத்துப் பிள்ளைக்கு மட்டும் ஒரு பிறந்த நாளோடு படுக்கை, சாப்பாடு, காய்ச்சலில் பார்த்துக்கொள்ளும் ஆள் எல்லாம் ஒரே வீச்சில் நின்றுபோகின்றன.

சட்டத்தில் வழியே இல்லை என்று சொல்ல முடியாது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 46ஆவது பிரிவு, இப்படி வெளியேறுகிறவர்களுக்கு நிதியுதவி வழங்க இடமளிக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் இந்தப் பிற்காப்பு உதவியை 21 வயதுவரையும், தனிச் சூழல்களில் 23 வரையும் நீட்டிக்கின்றன. மத்திய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் இதற்கு மாதம் 4,000 ரூபாய். முன்பு 2,000 ஆக இருந்தது. தொகை உயர்ந்தது நல்லதே. ஆனால், 46ஆவது பிரிவு இதை அரசின் கடமையாக விதிக்கவில்லை. வழங்கலாம் என்ற அளவில் விட்டிருக்கிறது. அதனால், பணம் வருமா வராதா என்பது பிள்ளையின் தேவையைப் பொறுத்து அமைவதில்லை. ஒதுக்கீடும், கோப்பு நகரும் வேகமும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் அக்கறையுள்ள ஓர் அதிகாரி இருப்பதும்தான் அதை முடிவுசெய்கின்றன. ஒரு மாதமும் தவறாமல் மூன்றாண்டும் கிடைத்தாலும் மொத்தம் 1,44,000 ரூபாய்தான்.

இதைவிட நன்றாகச் செய்ய அரசுக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 சுனாமி குளச்சல், கொட்டில்பாடு, மேலமணக்குடிக் கரைகளைச் சூறையாடிய பிறகு, தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தைகளின் பெயரில் தமிழக அரசு 5 லட்சம் ரூபாயை வைப்புத்தொகையாகப் போட்டது. பதினெட்டு வயதில் எடுத்துக்கொள்ளலாம். 2021 மே மாதம், கொரோனாவில் இரு பெற்றோரையும் பறிகொடுத்த குழந்தைகளுக்கும் அதே 5 லட்சம், வட்டியோடு பதினெட்டில் கிடைக்கும்படி அறிவிக்கப்பட்டது. மத்திய அரசு தன் பங்குக்கு பி.எம்.கேர்ஸ் நிதியிலிருந்து பதினெட்டு முதல் மாத உதவியும் 23 வயதில் 10 லட்சம் ரூபாயும் அறிவித்தது. மூன்றுமே சரியான முடிவுகள். பதினெட்டு வயதில் ஒரு பிள்ளைக்குச் சொந்தப் பணம் வேண்டும் என்பதை அரசே ஏற்றுக்கொண்ட முடிவுகள்.

அப்படியானால், அப்பா குடித்தே செத்துப்போன பிள்ளைக்கும், அம்மா காசநோயில் போன பிள்ளைக்கும், பிறந்த அன்றே யாரோ விட்டுச்சென்ற பிள்ளைக்கும் ஏன் அந்தக் கணக்கு இல்லை? பேரிடரில் அநாதையானால் 5 லட்சம், சாதாரணத் துயரத்தில் அநாதையானால் மனு என்பது எந்த நியாயத்திலும் சேராது. தமிழக அரசு 2025இல் தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டம் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் தருகிறது. அந்த மாத உதவியும் பதினெட்டு வயதுவரைதான்.

தொழிற்பயிற்சி கொடுத்துவிட்டால் போதாதா என்று கேட்பவர்களுக்கு இந்த ஊரின் பழைய கதையொன்றே பதில். 1820களில் மிஷனரி மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் தாம் நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிய 1855 ஆயிற்று. அதற்கு முன்பே, லேஸ் பின்னிய கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கிய பெண்கள் உண்டு. லேஸ் வேலை மட்டும் அவர்களை மீட்டுவிடவில்லை. உழைத்த கூலி அவர்கள் கையிலேயே வந்து சேர்ந்தது.

வேல்ஸ் நாட்டில் 2022 ஜூலையில், அரசுப் பராமரிப்பிலிருந்து பதினெட்டு வயதில் வெளியேறுகிறவர்களுக்கு வரிக்கு முன் மாதம் 1,600 பவுண்டு வீதம் இரண்டாண்டு கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். எதற்குச் செலவழித்தாய் என்று கணக்குக் கேட்கவில்லை. அந்த அளவுக்குத் தமிழ்நாட்டால் முடியாமல் போகலாம். குழந்தைகள் நலக்குழு ஒரு பிள்ளையை இல்லத்தில் சேர்க்க உத்தரவிடும் நாளிலேயே அதன் பெயரில் வைப்புக் கணக்கு தொடங்குவது நிச்சயம் முடியும். பிள்ளைக்குப் பதினேழு வயதாகும்போதே பிற்காப்புக் கோப்பைத் தொடங்கி, பதினெட்டு முடிந்த மாதத்திலேயே 4,000 ரூபாய் கணக்கில் ஏறச் செய்வதும், 23 வயதுவரை நீட்டிப்பதை எல்லாருக்கும் பொதுவாக்கி, கூடுதல் செலவை மாநில நிதியிலிருந்து ஏற்பதும் முடியும். சுனாமிக்கும் கொரோனாவுக்கும் அரசாணை போட்ட அரசு, இதற்கும் ஒன்றை அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன்பே போட வேண்டும்.