எருவைத் தொடும் கைகள்



நம் ஆலயத்தின் அசனப் பண்டிகை முடிந்த மறுநாள் காலையில் பின்புற மதிற்சுவர் அருகே சென்றேன். வாழை இலைகளும் காய்கறித் தோல்களும் குவியலாய்க் கிடந்தன. மாலையில் அவற்றுக்குத் தீ வைக்கப்பட்டது. ஈர இலை எளிதில் எரியுமா? இரவு முழுவதும் புகைந்துகொண்டிருந்தது. சுவருக்கு அப்பால் குடியிருக்கும் தாயார் ஒருவர் மறுநாள் வந்து, தம் பேரக்குழந்தை இருமலால் இரவெல்லாம் உறங்கவில்லை என்றார். கோபமாய்ச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அது இன்னும் என் உள்ளத்தை உறுத்துகிறது.

ஆகவே, குருமனைத் தோட்டத்தில் எருக்குழி ஒன்று வெட்டி, இக்கழிவுகளை மட்கச் செய்து, காய்கறிகளுக்கு உரமாக இடலாம் என்று கமிட்டியில் கூறினேன். பலர் மகிழ்ந்தனர். சிலர் இரண்டு கேள்விகளை எழுப்பினர். ஒரு பை யூரியா வாங்கினால் முடிகிற வேலைக்கு இத்தனை பாடு எதற்கு என்பது முதற்கேள்வி. ஆலய வளாகத்தில் குப்பையும் சாணமுமா, அதை யார் அள்ளுவது என்பது இரண்டாவது. இரண்டும் நேர்மையான பதிலுக்கு உரியவை.

முதற்கேள்வியில் உண்மை உண்டு. யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடு; நன்கு மட்கிய தொழுவுரத்தில் அது ஏறக்குறைய அரை விழுக்காடுதான். ஒரு கிலோ யூரியா தரும் தழைச்சத்தைப் பெறச் சுமார் 90 கிலோ தொழுவுரம் வேண்டும். அதிலும் ஒரு பகுதியே முதலாண்டில் பயிருக்குக் கிடைக்கும். இதை மறைத்து இயற்கை உரத்தைப் புகழ்வது சத்தியமாகாது. 2021-இல் இலங்கை அரசு இரசாயன உரங்களின் இறக்குமதியை ஒரே அடியாகத் தடைசெய்தது. போதிய இயற்கை உரமும் ஆயத்தமும் இல்லாத உழவர்கள் தவித்தனர். நெல் விளைச்சல் சரிந்தது. அவ்வாண்டு நவம்பரிலேயே தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. நெல் வயலை நம்பிக் கடன் வாங்கிய சபையார் யூரியா இடுவதை நான் ஒருபோதும் பாவம் என்று பிரசங்கிக்கமாட்டேன்.

ஆனால் நம் வீட்டுக் கொல்லைகளைக் குறித்து என் கருத்து வேறு. நான்கு பாத்தி கத்தரியும் வெண்டையும் வளர்க்கும் இடத்தில் நமக்கு அவசரம் என்ன? யூரியா செடிக்கு உணவளிக்கிறது. எருவோ மண்ணுக்கு உணவளிக்கிறது. மட்கிய எரு மணலில் ஈரத்தை நிறுத்துகிறது, களிமண்ணைப் பொலபொலப்பாக்குகிறது, மண்புழுவுக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களுக்கும் இரையாகிறது. 1905-இல் அரசு தாவரவியலாளராக இந்தியாவுக்கு வந்த ஆல்பர்ட் ஹோவர்ட், இந்நாட்டு உழவர்களைத் தம் ஆசிரியர்களாக மதித்தார். பின்னர் இந்தூரில் பணிபுரிந்து, கழிவுகளை அடுக்கடுக்காய் மட்கச் செய்யும் முறையை உருவாக்கினார். கற்பிக்க வந்தவர் கற்றுக்கொள்ளவும் இசைந்ததால் விளைந்த நன்மை அது.

பொறுமையின்மையால் நானே தவறியிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், மட்காத கோழி எருவைக் கத்தரி நாற்றுகளின் அடியில் குவித்தேன். ஒரு வாரத்திற்குள் இலைகள் கருகின. எரு நல்லதுதான்; ஆனால் அதன் காலம் நிறைவேறியிருக்கவில்லை. ஆகையால் செய்முறையைக் கவனியுங்கள். காய்ந்த சருகு ஓர் அடுக்கு, பச்சைக் கழிவும் சாணமும் ஓர் அடுக்கு என மாற்றி மாற்றி இடுங்கள். சருகு மிகுந்தால் மட்கத் தாமதமாகும். பச்சை மிகுந்தால் நாறும். பிழிந்த துணியின் அளவு ஈரம் போதும். நன்றாக அடுக்கிய குவியலின் உட்புறம் 55 பாகை செல்சியசுக்கு மேலும் சூடேறும். அச்சூட்டில் களை விதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் மடியும். அவ்வப்போது புரட்டிவிடுங்கள். சில மாதங்களில் சாண வாடை நீங்கி, முதல் மழையில் எழும் மண்வாசனை வரும். அப்போது பாத்தியில் இடலாம். எண்ணெயும் உப்பும் சேர்ந்த குழம்பைக் குழியில் கொட்டாதீர்கள், எலிகள் வரும்.

இனி இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். லூக்கா 13-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன கனியற்ற அத்திமரத்தின் உவமையை நினைவுகூருங்கள். மூன்று ஆண்டுகளாய்க் கனி தேடி வந்து ஏமாந்த தோட்டத்தின் உரிமையாளர், அதை வெட்டிவிடக் கட்டளையிடுகிறார். தோட்டத்தைப் பராமரிப்பவனோ இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறான். அவன் வெறுமனே பரிந்து பேசி நிற்கவில்லை. சுற்றிலும் கொத்தி எருவிடுவதாக வாக்களிக்கிறான். வேறொருவனை அனுப்பி இடுவிப்பதாக அவன் சொல்லவில்லை என்பதைக் கவனித்தீர்களா? அந்த மரத்திற்காக மன்றாடிய வாய்க்குரியவனே எருவையும் தொடுகிறான்.

“அதை யார் அள்ளுவது?” என்னும் கேள்விக்கு நம் தேசத்தில் நீண்ட வரலாறு உண்டு. ஊரின் ஒரு தெருவைச் சேர்ந்தவர்களே அள்ள வேண்டும் என்று நம் முன்னோர் விடை எழுதி வைத்தனர். அவர்கள் கை அள்ளிய எருவில் விளைந்ததை உண்டோம். அந்தக் கையைப் பற்றக் கூசினோம். ஒரே அப்பத்தில் பங்குபெறும் சபைக்குள்ளும் அந்தக் கூச்சம் முற்றிலும் மறையவில்லை என்பதை நீங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன். எருக்குழியைக் குறித்த நம் தயக்கம் துர்நாற்றத்தைப் பற்றியது மட்டும்தானா என்று ஒவ்வொருவரும் தேவசமுகத்தில் தன்னைச் சோதித்துப் பார்ப்போமாக. உயிர்த்தெழுந்த ஆண்டவரை மகதலேனா மரியாள் முதலில் தோட்டக்காரர் என்றே எண்ணினாள். அவ்வாறு எண்ணப்பட்டதில் அவருக்கு யாதொரு இழிவும் இருக்கவில்லை.

ஆகவே என் தீர்மானம் இது. குழி வெட்ட முதல் மண்வெட்டியை நான் எடுப்பேன். அடுத்த அசனத்தின் இலைகளை நானும் கமிட்டி அங்கத்தினரும் எங்கள் கைகளாலேயே அள்ளுவோம். துப்புரவுக்கு வரும் சகோதரர் அன்று நம்மோடு பந்தியில் அமர்ந்து உண்ணட்டும். தோட்டத்தின் முதற்பலனை, சுவருக்கு அப்பால் உள்ள அந்தத் தாயாரின் வீட்டிற்கு நாமே கொண்டுபோய்க் கொடுப்போம். நம் புகையைச் சுவாசித்தவர்கள் நம் கனியையும் ருசிக்க வேண்டாமா?

ஜெபம்: பரம பிதாவே, கனியற்ற எங்களுக்கு இன்னும் ஓராண்டு தந்தீரே, உமக்கு ஸ்தோத்திரம். நாங்கள் அற்பமென எறிந்தவற்றையும், அற்பமென எண்ணிய மனிதரையும் உமது கண்களால் காண எங்களுக்குக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.