அடிதடியும் ஆம்பளைத்தனமும்

"ஆம்பளைன்னா நாலு அடி அடிக்கத் தெரியணும்" என்பார்கள். கேட்டால் எல்லாம் ஹார்மோன், ரத்தத்திலேயே ஊறியது என்று விளக்கம் வேறு. உண்மையிலேயே அப்படித்தானா?

அமெரிக்காவின் முதல் நிதித்துறைச் செயலர் அலெக்சாண்டர் ஹாமில்டனைப் பாருங்கள். 1801-ல் அவருடைய மகன் பிலிப் துப்பாக்கி மோதலில் செத்துப்போனான். வயது 19. மூன்றே வருடம் கழித்து, 1804 ஜூலையில், துணை ஜனாதிபதி ஆரோன் பர் விடுத்த சவாலை ஏற்று அப்பாவும் போனார். குண்டடிபட்டு மறுநாள் இறந்தார்.

கோபத்தில் போனாரா? இல்லை! இந்த வழக்கமே தன் மதத்துக்கும் ஒழுக்கத்துக்கும் விரோதமானது, முதல் குண்டை எதிரி மேல் சுடப்போவதில்லை என்றெல்லாம் எழுதி வைத்துவிட்டுத்தான் போனார். பிறகு ஏன் போனார்? மறுத்தால் பொதுவாழ்க்கையில் மதிப்பு போய்விடும் என்ற பயம். ஊர் என்ன சொல்லும் என்ற அதே பழைய பயம்தான்.

இன்று அமெரிக்காவில் யாரும் இப்படித் தேதி குறித்துக்கொண்டு சுட்டுக்கொள்வதில்லை. ஆண்களின் ஹார்மோன் மாறிவிட்டதா என்ன? ஒரு காலத்தில் கௌரவமாகத் தெரிந்தது பைத்தியக்காரத்தனமாகத் தெரிய ஆரம்பித்தது, அவ்வளவுதான்.

ஆனால் வேடிக்கை பார்க்கும் கூட்டம் மட்டும் போகவில்லை. உலகில் கொலையாகிறவர்களில் சுமார் 80 சதவீதம் ஆண்கள் என்கிறது ஐ.நா.வின் 2019 அறிக்கை. கொன்றதாகச் சந்தேகிக்கப்படுபவர்களிலோ சுமார் 90 சதவீதம்!

அடுத்த முறை கேன்டீன் வாசலில் இரண்டு பேர் முறைத்துக்கொண்டு நின்றால், அவர்களை விட்டுவிட்டுச் சுற்றி நிற்பவர்களைக் கவனியுங்கள். "விடாதே மச்சி" என்பவனுக்கு ஒரு கீறல்கூட விழாது. "விடுடா, வா போகலாம்" என்று கையைப் பிடித்து இழுப்பவன்தான் நண்பன்.