நாரை கத்தாது, அதனால நாரையே இல்லையா?

செல்போனை நீட்டினா பறவை பேரு சொல்ற ஆப் வந்தாச்சு. நல்ல விஷயம்தான். அமெரிக்காவுல கார்னெல் பல்கலைக்கழகத்து பறவை ஆய்வகம் செஞ்ச மெர்லின் ஆப்ல 2021லேர்ந்து இந்த வசதி இருக்குது. அந்த ஆய்வகமும் ஜெர்மனியில இருக்கிற கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து செஞ்சது பேர்ட்நெட். பறவைச் சத்தத்தை படமா மாத்தி, தனக்கு பழகின படங்களோட ஒப்பிட்டு பேரு சொல்லுது. எங்க ஊரு பசங்க இதை வச்சுதான் குக்குறுவானையும் செம்போத்தையும் தெரிஞ்சுக்கிறாங்க. சந்தோஷம்.

என் சண்டை ஆப்போட இல்ல. அதை சாட்சிக்கூண்டுல ஏத்துறவங்களோட.

ஏரிக்கரையில பத்து நிமிஷம் போனை பிடிச்சுட்டு, "இங்க பெருசா பறவை ஒண்ணும் இல்லீங்க"ன்னு சொல்லிட்டுப் போறாங்க. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் இது விளையாட்டுப் பேச்சு இல்ல. பறவை இல்லாத எடம்னு பேரு விழுந்தா அது தரிசு. தரிசுன்னா மண்ணு கொட்டலாம், சுவர் எழுப்பலாம்.

அந்தப் போனுக்கு என்ன கேட்கும்னு யோசிங்க. நத்தைகுத்தி நாரையும் மஞ்சள்மூக்கு நாரையும் வளர்ந்தப்புறம் அநேகமா கத்தவே கத்தாது. கூட்டுல இருக்கிறப்ப அலகை படபடன்னு தட்டும், அவ்வளவுதான். நம்ம வயல்ல நூறு நாரை நின்னு நத்தை பொறுக்கினாலும் ஆப் கணக்குல அது பூஜ்யம்.

அடுத்தது இரைச்சல். விடிகாலையிலதான் பறவை அதிகமா கூவும். அதே நேரத்துலதான் ஷிப்டு பஸ்ஸும் கன்டெய்னர் லாரியும் வரிசை கட்டும். நாமளே சத்தத்தைப் போட்டு அமுக்கிட்டு, பறவை பேசலன்னு சொல்றது என்ன நியாயம்?

கரிச்சான் இன்னொரு கில்லாடி. வல்லூறு மாதிரி கத்தி மைனாவை விரட்டிட்டு அதோட இரையைத் திருடும். மைனாவே ஏமாறும்போது மெஷின் ஏமாறாதா? பேர்ட்நெட் தான் சொல்ற பேரை எவ்வளவு நம்பலாம்னு மதிப்பெண்ணும் சேர்த்துதான் போடுது. ஆப்புக்கு இருக்கிற அடக்கம் அதைத் தூக்கிட்டு வர்றவங்களுக்கு இல்ல.

நம்ம பழைய செங்கல்பட்டு ஜில்லாவுலயே வேடந்தாங்கல் இருக்குது. 1790கள்ல வெள்ளைக்கார சிப்பாய்ங்க பறவையைச் சுட்டப்ப, ஊர்க்காரங்க கலெக்டர் பிளேஸ் துரைகிட்ட போய் முறையிட்டாங்க. பறவை எச்சம் கலந்த தண்ணிதான் எங்க பயிருக்கு எருன்னு சொன்னாங்க. துரை அவங்க பேச்சை ஏத்துக்கிட்டு பாதுகாப்பு எழுதிக் குடுத்தார். வெள்ளைக்காரனுக்கு செல்லுபடியான குடியானவன் வாக்கு இன்னைக்கு ஒரு போனுக்கு முன்னாடி செல்லாதா?

கணக்கு எடுங்க, வேணாம்னு சொல்லல. ஐப்பசி மழையில ஒரு தடவை, தையில ஒரு தடவை, சித்திரையில ஒரு தடவை வாங்க. காதோட கண்ணையும் கொண்டாங்க. ஆடு மேய்க்கிறவரையும் மடை திறக்கிறவரையும் கேளுங்க. ஆப் "இருக்கு"ன்னு சொன்னா சரிபார்த்து எழுதிக்குங்க. அது ஒண்ணும் சொல்லலன்னா, "எனக்குக் கேட்கல"ன்னு மட்டும் எழுதுங்க. "இல்ல"ன்னு எழுதாதீங்க.