விமான நிலையக் கடை: வெளிச்சத்தைப் பார்க்குமுன் வாடகையைப் பார்ப்போம்

விமான நிலையத்தில் ஒரு கடை எடுத்துவிட்டால் வாழ்க்கையே மாறிவிடும் என்ற எண்ணம் எமது இளம் வர்த்தகர்களிடையே பரவி வருகிறது. கட்டுநாயக்கவால் போய் வருபவர்கள் அங்குள்ள வெளிச்சத்தைப் பார்க்கிறார்கள். டொலரில் எழுதப்பட்ட விலையைப் பார்க்கிறார்கள். அந்தக் கடையின் பின்னால் இருக்கும் வாடகை ஒப்பந்தத்தைப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

அண்மையில் ஆலோசனை கேட்டு வந்த இரண்டு சகோதரர்கள், உம்மாவின் பெயரிலிருந்த காணியை விற்று ஒரு விலைமனுவுக்குப் போகத் தயாராக இருந்தார்கள். எவ்வளவு விற்கலாம் என்பதை விரிவாகச் சொன்னார்கள். "விற்காவிட்டால் எவ்வளவு கட்ட வேண்டும் தம்பி?" என்று கேட்டேன். அந்தக் கணக்கு அவர்களிடம் இருக்கவில்லை. இதை எழுதத் தூண்டியது அந்த மௌனம்தான்.

தீர்வையற்ற கடை என்பது புதுமையான விடயமல்ல. 1947இல் அயர்லாந்தின் ஷனன் விமான நிலையத்தில் பிரெண்டன் ஓ'ரீகன் என்பவர் இதை ஆரம்பித்தார். அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடக்கும் விமானங்கள் எரிபொருள் நிரப்ப அங்கே இறங்கின. பயணிகள் வேலையின்றிக் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பு நேரத்தை அவர் வியாபாரமாக்கினார். இன்றும் இந்தத் தொழிலின் அடிப்படை அதுதான். பாதுகாப்புச் சோதனை முடிந்து விமானத்தில் ஏறும் வரைக்கும் உள்ள அந்த ஒரு மணித்தியாலத்தை நம்பியே முழுக் கடையும் இருக்கிறது. சோதனையில் வரிசை நீண்டால் கடைக்கு வரும் நேரம் குறையும். நேரம் குறைந்தால் விற்பனையும் குறையும். அதில் கடைக்காரருக்கு எந்த அதிகாரமும் இல்லை.

எம்மவர்கள் அடிக்கடி காட்டும் உதாரணம் டுபாய். அங்கே தீர்வையற்ற கடை 1983 டிசம்பரில் திறக்கப்பட்டது. அதை அமைப்பதற்கு அயர்லாந்திலிருந்து வந்த குழுவில் ஒருவரான கோல்ம் மெக்லொக்லின், 2024 வரை நாற்பது வருடங்களுக்கு மேல் அதை நடத்தினார். முதல் வருட விற்பனை சுமார் 2 கோடி டொலர். 2023இல் அது 200 கோடி டொலரைத் தாண்டியது. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. டுபாயில் விமான நிலையமும் அரசினுடையது, கடையும் அரசினுடையது. ஒரு சட்டைப் பையிலிருந்து எடுத்து மறு சட்டைப் பையில் போடுகிறார்கள். நாம் போனால் எமது சட்டைப் பையிலிருந்து எடுத்து அடுத்தவரின் சட்டைப் பையில் போட வேண்டும்.

கணக்கு இதுதான்

உலகில் பெரும்பாலான விமான நிலையங்களில் வாடகை இரண்டு வகையாக எழுதப்படுகிறது. ஒன்று விற்பனையில் நூற்றுக்கு இத்தனை வீதம். மற்றது குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை. இரண்டில் எது கூடவோ அதையே கட்ட வேண்டும்.

விளங்குவதற்காக ஓர் உதாரணம் சொல்கிறேன். வீதம் 30, உத்தரவாதத் தொகை மாதம் 20 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். பொருளில் மொத்த இலாபம் நூற்றுக்கு 50.

விற்பனை 80 இலட்சமானால் இலாபம் 40 இலட்சம், வாடகை 24 இலட்சம். மிச்சம் 16 இலட்சத்தில் சம்பளம், மின்சாரம், வங்கிக் கடன் எல்லாம் பார்க்கலாம். விற்பனை 40 இலட்சமாகக் குறைந்தால் இலாபம் 20 இலட்சம், வாடகையும் 20 இலட்சம். சம்பளத்துக்கு ஒரு சதமும் இல்லை. விற்பனை 25 இலட்சத்துக்கு வந்தால் சம்பளம் கொடுக்க முன்னரே ஏழரை இலட்சம் நட்டம். புறக்கோட்டைக் கடையில் வியாபாரம் படுத்தால் கட்டட முதலாளியிடம் போய் ஒரு தவணை கேட்கலாம். இங்கே வங்கி உத்தரவாதம் கையில் இருப்பதால், தவறினால் அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள்.

விற்பனை அப்படிக் குறையுமா என்று கேட்பவர்கள் எமது நாட்டின் வரலாற்றைப் பார்க்கட்டும். 2001 ஜூலையில் கட்டுநாயக்க தாக்கப்பட்டது. 2019 ஏப்ரல் தாக்குதலின் பின் நடந்தவற்றை எமது சமூகம் மறக்காது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட விமான நிலையம் உல்லாசப் பயணிகளுக்கு மீண்டும் திறக்கப்பட்டது 2021 ஜனவரியில்தான். 2018இல் 23 இலட்சத்துக்கு மேற்பட்ட உல்லாசப் பயணிகள் வந்த நாட்டுக்கு 2021இல் 2 இலட்சம் பேர் கூட வரவில்லை. 2013இல் திறக்கப்பட்ட மத்தள விமான நிலையம் கட்டடம் இருந்தும் பயணிகள் இல்லாததால் உலகப் பத்திரிகைகளில் பேசப்பட்டது.

பெரிய கம்பனிகளே இந்த வாடகைக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. தென்கொரியாவின் லொத்தே நிறுவனம், சீனப் பயணிகள் குறைந்ததும் வாடகை தாங்காமல் 2018இல் இன்ச்சொன் விமான நிலையத்தின் பெரும்பாலான கடைகளைத் திருப்பிக் கொடுத்தது. சிங்கப்பூர் சாங்கியில் சுமார் நாற்பது வருடங்கள் இருந்த டீ.எஃப்.எஸ். நிறுவனம் 2019இல் மீண்டும் விலைமனுப் போடுவதில்லை என்று தீர்மானித்து 2020இல் வெளியேறியது. உலகமெங்கும் கிளைகள் உள்ளவர்களுக்கு ஓரிடத்தில் நட்டம் வந்தால் இன்னோரிடத்தில் ஈடுசெய்யலாம். உம்மாவின் காணியை விற்று வந்தவருக்கு இன்னோரிடம் எங்கே?

சட்டம் ஒரே நாளில் மாறும்

இந்த வியாபாரம் அரசு கொடுக்கும் ஒரு சலுகையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. சலுகை மாறினால் வியாபாரமும் மாறும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கிடையிலான பயணங்களில் தீர்வையற்ற விற்பனை 1999 ஜூலை முதலாந் திகதியுடன் இல்லாமற் போனது. அதை நம்பியிருந்த கப்பல் கம்பனிகளும் கடைகளும் தடுமாறின.

எமது நாட்டில் வருகை மண்டபத்தில் மின்சாரப் பொருட் கடைகள் இருப்பது அனைவரும் அறிந்ததே. மத்திய கிழக்கில் உழைத்து வரும் எமது சகோதர சகோதரிகள் குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் அங்கேதான் வாங்குகிறார்கள். அந்த விற்பனை முழுவதும் சுங்கச் சலுகையைப் பொறுத்தது. ஒரு வர்த்தமானி அறிவித்தல் போதும், கணக்கு தலைகீழாக மாறிவிடும். முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாரப் பொருள் விற்பவருக்கு வாடிக்கையாளர் இருக்கிறார். அங்கே இருப்பது சலுகை மட்டுமே.

நாணயத்தையும் கவனிக்க வேண்டும். 2022இல் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360 ரூபாவைத் தாண்டியது. உத்தரவாதத் தொகை டொலரில் எழுதப்பட்டு, விற்பனை ரூபாவில் நடந்தால் என்ன நடக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஹலாலான வழி

இன்னொரு விடயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உலகத் தீர்வையற்ற வியாபாரத்தில் வாசனைத் திரவியங்களும் அழகுசாதனங்களும் முன்னணியில் நின்றாலும், மதுவும் சிகரட்டும் அதன் பெரிய தூண்கள். "மதுவை மற்றப் பங்காளி பார்த்துக்கொள்வார், எமக்கு இலாபத்தில் பங்கு மட்டும்" என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். அப்படியான பங்கைப் பற்றி உலமாக்களிடம் கேட்ட பின்னரே கையொப்பமிட வேண்டும். மது இல்லாமல் இந்தத் தொழில் நடக்காது என்பதும் சரியல்ல. குவைத் விமான நிலையத்தில் மது இல்லை. சவூதி அரேபியா 2025இல் தனது முதலீட்டு நிதியத்தின் மூலம் அல்வாஹா என்ற சொந்தத் தீர்வையற்ற நிறுவனத்தை ஆரம்பித்துள்ளது.

அப்படியானால் எமக்கு இதில் இடமே இல்லையா? இருக்கிறது. பயணிக்கு விற்பது எமது மூத்தவர்களுக்குத் தெரிந்த தொழில். விமானம் வருவதற்கு முன்பே காலியிலும் கொழும்பிலும் கப்பலிலிருந்து இறங்கியவர்களுக்கு மாணிக்கக்கல் விற்றவர்கள் அவர்கள். 1860இல் காலியில் ஆரம்பமான மாக்கான் மாக்கார் நிறுவனம் வெளிநாட்டவர்களிடம் பெற்ற நற்பெயர் அனைவரும் அறிந்தது. அந்தப் பயணி மறுபடி வரமாட்டார் என்பது அவர்களுக்கும் தெரியும். இருந்தும் ஏமாற்றாமல் விற்றதால்தான் அடுத்த கப்பலில் வந்தவர் பெயர் சொல்லிக் கேட்டு வந்தார். தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்டுபிடித்த நபிகளார் (ஸல்) அவர்களின் சம்பவம், ஒருமுறை மட்டும் வரும் வாடிக்கையாளரிடம் விற்பவருக்கே அதிகம் பொருந்தும்.

எனது கருத்து இதுதான். சிறு வர்த்தகர் கடையை எடுப்பதை விட, கடையை எடுத்தவருக்குப் பொருள் கொடுப்பது நல்லது. தேயிலை, கறுவா, மிளகு, முந்திரி, பத்திக், கைப்பணிப் பொருட்கள் இவற்றை அழகாகப் பொதிசெய்து, தரம் மாறாமல், சொன்ன நாளில் கொடுக்க முடிந்தால் வாடகையின் சுமை அவருடையது, வியாபாரம் எம்முடையது. கையில் கொண்டு போகக்கூடிய நிறை, உடையாத பெட்டி, ஆங்கிலத்திலும் அரபியிலும் விபரம், ஹலால் சான்றிதழ் இவை இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் பொருளைக் கொடுத்துவிட்டு விற்ற பின் காசு என்ற ஏற்பாட்டுக்குப் போனால் தவணையை எழுத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைதான் வேண்டும் என்பவர் முதலில் சிறிய இடத்தில் பழகட்டும். கோட்டை புகையிரத நிலையமும், மாகும்புர பஸ் நிலையமும், அதிவேகப் பாதையின் ஓய்விடங்களும் பயணிகள் கூடும் இடங்கள்தான். அவசரத்தில் இருப்பவருக்கு எதை முன்னால் வைப்பது, விலையை எப்படி எழுதுவது, இரவு வேலைக்கு யாரை வைப்பது என்பதை அங்கே குறைந்த செலவில் கற்கலாம்.

அதன் பிறகும் விமான நிலையத்துக்குப் போவதானால் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுத்தில் வேண்டும். பயணிகள் தொகை குறைந்தால் உத்தரவாதத் தொகை குறையுமா? விமான நிலையம் மூடப்பட்டால் வாடகை நிற்குமா? தொகை எந்த நாணயத்தில்? அதே பொருளை விற்க அருகில் இன்னொருவருக்கும் அனுமதி கொடுப்பார்களா? இவற்றில் ஒன்றுக்காவது பதில் இல்லாவிட்டால் விலைமனுவை மூடி வைத்துவிடுங்கள்.

அதிகாரிகளிடமும் ஒரு வேண்டுகோள். உள்ளூர்ப் பொருட்களுக்காக ஒரு சில சிறு கூடங்களையாவது உத்தரவாதத் தொகை இல்லாமல், விற்பனையின் வீதத்துக்கு மட்டும் கொடுத்துப் பாருங்கள். இலாபம் வந்தால் இருவருக்கும் வரட்டும், குறைந்தால் இருவரும் தாங்குவோம். பயணியும் எல்லா நாட்டிலும் கிடைக்கும் சொக்லட்டுக்குப் பதிலாக இந்த நாட்டின் பொருளோடு வீடு போவார். எமது வர்த்தகச் சங்கங்கள் இந்தக் கோரிக்கையை ஒன்றாகக் கொண்டு போக வேண்டும். தனித்தனியாகப் போனால் கதவு திறக்காது.

அல்லாஹ் எமது தொழில்களில் பரக்கத் செய்வானாக.