பெட்டி ஒன்று போலத்தான் இருக்கும்... பார்த்து வாங்குங்க!

‘ஹெட்போனா? அது பசங்க சமாச்சாரம். அவங்களே எதையாவது ஆர்டர் போட்டுக்கட்டும்’ என்று ஒதுங்கிக் கொள்ளும் தோழிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மிக்ஸி வாங்கும்போது எத்தனை வாட்ஸ், எத்தனை ஜார் என்று கடைக்காரரைத் துளைத்து எடுக்கிறோம். புடவை என்றால் முந்தானையைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறோம். கால் கிலோ வெண்டைக்காய்க்கே நுனியை ஒடித்துப் பார்க்கிறவர்கள் நாம். பிள்ளைகளின் காதில் தினமும் இரண்டு, மூன்று மணி நேரம் உட்காரப் போகிற பொருளை மட்டும் படத்தையும் விலையையும் பார்த்து வாங்கினால் போதும் என்பது எந்த ஊர் நியாயம்?

எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு அடுப்படி. பெண் ப்ளஸ் 1 படிக்கிறாள். சாயங்காலம் போனில் டியூஷன் வகுப்பு. அந்த நேரம்தான் மாமியாருக்கு சீரியல். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் டி.வி. சத்தம் தெருமுனை வரை கேட்கும். இந்தப் பக்கம் என் குக்கர் விசில். அவரையும் குறை சொல்ல முடியாது, பெண்ணையும் மாடிப்படியில் உட்கார வைக்க முடியாது. அதனால் சீட்டுப் பணத்திலிருந்து 1,500 ரூபாய் ஒதுக்கினேன். என் வீட்டுக்காரர், ‘ஆன்லைன்ல 200 ரூபா கம்மி. பட்டனைத் தட்டினா வீட்டுக்கே வரும். இதுக்குப் போய் கடை கடையா ஏறணுமா?’ என்றார். ‘முதல்ல காதுல மாட்டிப் பார்த்துட்டு வரோம். அப்புறம் எங்கே வாங்கறதுன்னு முடிவு பண்ணலாம்’ என்று சொல்லி, பெண்ணையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

போனதில் தெரிந்து கொண்டது நிறைய. முதலாவது, ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பெட்டி ஒரே பொருள் கிடையாது. சோனியில் ‘இசட்.எக்ஸ். 110’ என்று ஒரு மாடல். அதே வடிவத்தில், அதே நிறத்தில் ‘இசட்.எக்ஸ். 110 ஏ.பி.’ என்று இன்னொன்று. முதலாவதில் மைக் கிடையாது, பாட்டு கேட்க மட்டும்தான். ‘ஏ.பி.’ என்று முடிவதில் ஒயரிலேயே மைக் உண்டு. டியூஷனில் டீச்சர் கேள்வி கேட்டால் பெண் பதில் சொல்ல வேண்டாமா? இதே போல ஜே.பி.எல்.லில் ‘ட்யூன் 500’ என்றால் ஒயர் உள்ளது, ‘500 பி.டி.’ என்றால் ஒயர் இல்லாத ப்ளூடூத். கடைசியில் வரும் ஓர் எழுத்தில் பொருளே மாறி விடுகிறது. விலை கம்மியாக இருக்கிறதே என்று சந்தோஷப்படும் முன், பெயரைக் கடைசி எழுத்து வரை படிக்க வேண்டும்.

இரண்டாவது, போனையும் கையோடு கொண்டு போக வேண்டும். இப்போது பல போன்களில் உருண்டைப் பின் சொருகும் ஓட்டையே இல்லை. சார்ஜர் சொருகும் டைப் சி ஓட்டை மட்டும்தான். ப்ளூடூத் என்றால் இந்தக் கவலை இல்லை, ஆனால் சார்ஜ் போட மறந்தால் பாதி வகுப்பில் நின்று விடும். நாளாக ஆக உள்ளே இருக்கும் பேட்டரியும் பலம் குறையும். வீட்டில் உட்கார்ந்து பாடம் கேட்கிற பிள்ளைக்கு ஒயர் உள்ளதே போதும் என்பது என் எண்ணம். வெளியே நடந்துகொண்டே பேசுகிறவர்களுக்கு ப்ளூடூத் சௌகரியம்.

மூன்றாவதைத்தான் நம் பெண்கள் கவனிக்க வேண்டும். காதின் மேல் உட்காரும் ரகம் ஒன்று, காதையே முழுசாக மூடும் ரகம் ஒன்று. படத்தில் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். மேலே உட்காரும் ரகத்தை மாட்டிய பத்தாவது நிமிஷம் என் பெண், ‘அம்மா, கம்மல் அழுத்துது’ என்றாள். திருகாணி பின்னால் குத்துகிறதாம்! கண்ணாடி போடுகிற பிள்ளைகளுக்கும் இந்தக் கஷ்டம் உண்டு. இதை எந்தப் பெட்டியில் எழுதியிருக்கிறார்கள்? மாட்டிப் பார்த்தால்தானே தெரியும்!

முழுசாக மூடும் ரகத்தில் நம்ம ஊர் வெயிலுக்குக் கொஞ்சம் வேர்க்கும்தான். ஆனால் வெளிச்சத்தம் உள்ளே வருவது குறையும். இதை வெறும் சொகுசு என்று நினைக்காதீர்கள். டி.வி. சத்தம் உள்ளே வந்தால், பிள்ளை என்ன செய்யும்? ஹெட்போன் சத்தத்தைக் கூட்டும். அங்கேதான் ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது: பெரியவர்கள் 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். அதுவே 90 டெசிபல் ஆனால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். குழந்தைகளுக்கு 40 மணி நேரத்துக்கு 75 டெசிபலே அளவு. போனில் முழுச் சத்தத்தில் 60 சதவீதத்தைத் தாண்டாமல் வைத்தால் நல்லது என்கிறார்கள். உள்காதில் இருக்கும் நுண்ணிய செல்கள் ஒரு தடவை அழிந்தால் திரும்ப முளைக்காதாம். கண்ணுக்குக் கண்ணாடி போடுவது போல இதற்குச் சுலபமான வழி கிடையாது. 200 ரூபாய் மிச்சம் பார்த்து, சரியாகப் பொருந்தாத ஒன்றை வாங்கி, பிள்ளை சத்தத்தைக் கூட்டிக் கூட்டிக் கேட்டால் அந்த மிச்சம் யாருக்கு?

சரி, எங்கே வாங்குவது? முதலில் ஏறிய கடையில் நான் கேட்ட கேள்விக்கெல்லாம் அந்தப் பையன் என் பெண்ணைப் பார்த்தே பதில் சொன்னான். ‘சாரைக் கூட்டிட்டு வாங்க, அவருக்குப் புரியும்’ என்று ஓர் அறிவுரை வேறு! கடைசியில் பில் கேட்டதும், ‘பில் போட்டா ஜி.எஸ்.டி. சேர்ந்து விலை ஏறும்க்கா’ என்றான். பெட்டியில் போட்டிருக்கும் எம்.ஆர்.பி.யில் எல்லா வரியும் அடங்கி விட்டது, அதற்கு மேல் ஒரு பைசா கேட்கக் கூடாது. ‘அப்படின்னா பொருளும் வேண்டாம்’ என்று எழுந்து வந்து விட்டேன்.

தோழிகளே, பில் என்பது வெறும் சீட்டு இல்லை. ஒரு வருஷ வாரண்டிக்கு அதுதான் உயிர். 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தர மறுப்பது முறையற்ற வணிகம். பழுதான பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் அப்படியே. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லலாம். நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது.

ஆன்லைனே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். கடை இல்லாத ஊர்களில் இருப்பவர்களுக்கும், கைக்குழந்தையை வைத்துக் கொண்டு வெளியே போக முடியாதவர்களுக்கும் அது பெரிய உதவி. ஆனால் அங்கேயும் விற்பவர் யார் என்று பாருங்கள். தளத்தின் பெயர் வேறு, அதில் கடை போட்டு விற்பவர் வேறு. விற்பவர் பெயர், எந்த நாட்டில் செய்தது, திருப்பிக் கொடுக்கும் நிபந்தனை எல்லாம் காட்ட வேண்டும் என்று 2020-லேயே விதி வந்து விட்டது. ‘ரிட்டர்ன்’ என்பதற்கும் ‘ரீப்ளேஸ்மெண்ட் மட்டும்’ என்பதற்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவதில் மாற்றுப் பொருள்தான் கிடைக்கும், பணம் கிடைக்காது. பார்சலைப் பிரிக்கும்போது போனில் வீடியோ எடுத்துக் கொண்டால் பிறகு வாதாட வசதி. ப்ளூடூத் ரகமானால் பி.ஐ.எஸ். முத்திரையும், ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து, ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டுச் சரி பார்க்கலாம். பெரிய கம்பெனிப் பெயரை ஓர் எழுத்து மாற்றி விற்கும் டூப்ளிகேட்டுகளும் இருப்பதால் இந்தச் சிரமம் வீண் போகாது.

நாங்கள் இரண்டாவது கடையில் வாங்கினோம். வயசான ஒருவர் இருந்தார். பெண் போனில் சொருகி, அவள் டீச்சரின் பழைய வகுப்பையே போட்டுக் கேட்டாள். நானும் மாட்டிப் பார்த்தேன். முழுசாகக் காதை மூடும் ரகம், ஒயரில் மைக், 1,450 ரூபாய். பில்லும், தேதி போட்டு சீல் வைத்த வாரண்டி கார்டும் கொடுத்தார். ‘ஆன்லைன்ல இன்னும் கம்மிதாம்மா’ என்று அவரே சொன்னார். அந்த வித்தியாசத்தை நான் நஷ்டமாக நினைக்கவில்லை. மாட்டிப் பார்க்க விட்டதற்கும், நாளைக்கு ஏதாவது ஆனால் நேரில் போய்க் கேட்க ஒரு முகம் இருப்பதற்கும் கொடுத்த கூலி அது. இவர் கடையில் மாட்டிப் பார்த்து விட்டு ஆன்லைனில் வாங்க எனக்கு மனசும் வரவில்லை.

பத்தாவது வரை படித்த எனக்கே இவ்வளவும் கேட்கத் தெரியும் என்றால், உங்களுக்குத் தெரியாதா? ‘உனக்கு இதெல்லாம் புரியாது’ என்று கடைக்காரர் சொன்னாலும் சரி, வீட்டில் சொன்னாலும் சரி, விட்டுக் கொடுக்காதீர்கள். சிறுவாடு சேர்த்த பணம் நம்முடையது. காது நம் பிள்ளையுடையது. கேள்வி கேட்கும் உரிமையும் நமக்குத்தான்!

— ஒரு வாசகி, கரூர்.