எலப்புள்ளிக் குழந்தையைச் சோதிக்கக் கற்றவர் யார்?

தமிழில் ககரத்துக்கு ஓர் எழுத்து. மலையாளத்தில் அதே இடத்தில் நான்கு எழுத்துகள். வீட்டில் தமிழ் பேசிவிட்டுப் பள்ளியில் மலையாளம் எழுதும் குழந்தை இந்த நான்கையும் ஒன்றுக்கொன்று மாற்றி எழுதுகிறது என்றால், அது தாய்மொழிப் பழக்கமா, அல்லது ஒலியையும் எழுத்தையும் இணைப்பதில் மூளைக்கு இருக்கும் சிரமமா? நோட்டைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. இரண்டும் அங்கே ஒரே மாதிரியான சிவப்பு மை வட்டங்களாகத்தான் தெரியும். முதலாவதற்குப் பொறுமையான மொழிப் பயிற்சி போதும். இரண்டாவதற்குச் சிறப்புக் கற்பித்தல் வேண்டும், தேர்வில் சலுகை வேண்டும், ஆண்டுக்கணக்கில் கூட நிற்கும் ஆள் வேண்டும்.

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி போகும் வழியில் உள்ள எலப்புள்ளியிலும், அதைத் தாண்டிக் கொழிஞ்சாம்பாறையிலும் மீனாட்சிபுரத்திலும், தெற்கே இடுக்கி மலையில் மறையூர், வட்டவடை, மூணாறு, பீர்மேட்டிலும் இது அன்றாடக் கேள்வி. 1956 நவம்பர் 1 வரை பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன. மாநில எல்லை மாறியது, அடுப்படி மொழி மாறவில்லை. இங்கே தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. மலையாளவழியில் படிக்கும் தமிழ்க் குழந்தைகளும் உண்டு. கடன் வாங்கியாவது ஆங்கிலவழியில் சேர்க்கும் பெற்றோரும் உண்டு. கேரளத்தின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கியது. ஆக, எட்டு வயதில் மூன்று மொழிகளோடு மல்லுக்கட்டுவது இந்தப் பகுதிக் குழந்தைக்குச் சாதாரணம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டைத் தான் ஏற்கும் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்தது. 2018 ஜனவரியில் ஒன்றிய அரசு அதற்கான நெறிமுறைகளை வெளியிட்டது. மூன்றாம் வகுப்பிலோ எட்டு வயதிலோ பள்ளி முதற்கட்டமாகப் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் குழந்தைகள் மருத்துவரும் உளவியலாளரும் சேர்ந்து ஆராய வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் சோதனைத் தொகுப்பைப் பயன்படுத்த வேண்டும். 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி சோதிக்க வேண்டும். தேர்வில் கூடுதல் நேரம், எழுதித்தர ஓர் உதவியாளர் போன்ற சலுகைகள் இந்தச் சான்றிதழைப் பிடித்துக்கொண்டுதான் வருகின்றன. நல்ல சட்டம்தான். ஆனால், சோதிக்கக் கற்றவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார், குழந்தையின் மொழி அவருக்குத் தெரியும் என்று அது தானாகவே நம்பிக்கொள்கிறது. எல்லையோரத்தில் அந்த நம்பிக்கைக்கு அடிப்படை மெலிந்தது.

குழந்தைகளுக்கான நரம்பு உளவியலை 'ஐக்யூ டெஸ்ட்' என்று சுருக்கிப் புரிந்துகொள்வது நம் ஊர் வழக்கம். கவனம், நினைவு, மொழி, கண் பார்த்ததைக் கை வரைவது, திட்டமிடுவது, துடிப்பை அடக்குவது என்று மூளையின் பல வேலைகளைத் தனித்தனியே சோதித்து, எது வலுவாக இருக்கிறது, எது தளர்ந்திருக்கிறது என்ற வரைபடத்தை எழுப்புவது அந்தத் துறையின் வேலை. மொத்த மதிப்பெண் ஒன்றைச் சொல்லி அனுப்பிவிட்டால் அந்த வரைபடம் காணாமல் போகும். ஒரே 80 மதிப்பெண்ணை மொழியில் பின்தங்கிய குழந்தையும் எடுக்கலாம், வேகத்தில் பின்தங்கிய குழந்தையும் எடுக்கலாம், அன்று காலை சாப்பிடாமல் பஸ்ஸில் வந்த குழந்தையும் எடுக்கலாம்.

கருவிகளின் நிலையையும் சொல்ல வேண்டும். இன்னும் பல இடங்களில் புழங்கும் மாலின் நுண்ணறிவுச் சோதனை 1969இல் வெளிவந்தது. தலைமுறைக்குத் தலைமுறை சோதனை மதிப்பெண்கள் உயர்ந்துவருவதை ஜேம்ஸ் ஃப்ளின் காட்டிய பிறகு, பழைய அளவுகோலில் இன்றைய குழந்தை உள்ளதைவிடத் திறமையானதாகத் தெரியும் என்பது துறையில் எல்லோரும் அறிந்தது. உதவி தேவைப்படும் குழந்தை அதனாலேயே விடுபட்டுப் போகலாம். நிம்ஹான்ஸில் பூமிகா கர், ஷோபினி ராவ் முதலியோர் 5 முதல் 15 வயதுக் குழந்தைகளுக்கென உருவாக்கி 2004இல் வெளியிட்ட நரம்பு உளவியல் தொகுப்பு இந்தியாவுக்குக் கிடைத்த பெரிய கொடை. அதன் ஒப்பீட்டு அளவுகள் பெங்களூர்க் குழந்தைகளிடமிருந்து வந்தவை. தேசிய மூளை ஆய்வு மையத்தின் முயற்சியில் 2015இல் வந்த டிஸ்லெக்சியா சோதனை இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் என நான்கு மொழிகளில் தொடங்கியது. தமிழ் வீட்டிலிருந்து மலையாளப் பள்ளிக்குப் போகும் குழந்தைக்கு இவற்றில் எந்த அளவுகோல் பொருந்தும்?

மொழி மாறினால் என்ன, எண்ணைத் திருப்பிச் சொல்வதில் மொழிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வேல்ஸ் மொழியில் எண்களை உச்சரிக்க ஆங்கிலத்தைவிடக் கூடுதல் நேரம் பிடிப்பதால், அந்த மொழியில் எண் வரிசைச் சோதனைக்கு உட்படும் குழந்தைகளின் மதிப்பெண் குறைகிறது என்று எல்லிஸ், ஹென்னலி என்ற ஆய்வாளர்கள் 1980இல் விளக்கினார்கள். நினைவாற்றலில் குறைவில்லை, சொற்கள்தான் நீளம். எண்ணைத் தமிழில் கேட்பதா, மலையாளத்தில் கேட்பதா, குழந்தை எந்த மொழியில் வாய்ப்பாடு படித்தது என்பதையெல்லாம் சோதிப்பவர் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். கையேட்டில் இது இருக்காது. அனுபவசாலி ஒருவர் அருகில் உட்கார்ந்து, "இந்தக் கேள்வியை ஏன் இந்த மொழியில் கேட்டீர்கள்?" என்று நூறு முறை கேட்டால்தான் இந்தப் பழக்கம் படியும்.

அந்த அனுபவசாலியும் அந்த இருக்கையும் ஒரு மனநல மருத்துவமனையில் இருக்க வேண்டும் என்பது என் வாதம்.

திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனம் 1995 முதல் வலிப்பு நோய்க்கு அறுவை சிகிச்சை செய்துவருகிறது. அங்கே நரம்பு உளவியலாளரிடம் வரும் கேள்வி கூர்மையானது: இந்தப் பகுதியை எடுத்தால் மொழி போகுமா, நினைவு போகுமா? மனநல மருத்துவமனைக்கு வரும் குழந்தையின் கேள்வி கலங்கலானது. "கிளாஸ்ல கவனமே இல்ல சார், எதையோ பார்த்துக்கிட்டே இருக்கான்" என்று அம்மா சொல்வார். அது சில விநாடிகளே நீடிக்கும் வலிப்பாக இருக்கலாம், மூக்கடைப்பால் இரவுத் தூக்கம் கெட்டிருக்கலாம், காது சரியாகக் கேட்காமல் இருக்கலாம், இரத்தசோகையாக இருக்கலாம், கவனக்குறைவுக் கோளாறாகவும் மனச்சோர்வாகவும் இருக்கலாம், வீட்டில் நடக்கும் அடிதடியாக இருக்கலாம். அல்லது புரியாத மொழியில் நடக்கும் வகுப்பாக இருக்கலாம். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் எஸ்டேட் லயங்கள் மண்ணோடு புதைந்து 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அந்த இரவைக் கடந்த ஒரு குழந்தை மழை நாளில் வகுப்பில் வெறித்துப் பார்த்தால், அதற்குக் கவனக்குறைவுக் கோளாறு என்று பெயர் வைத்து மருந்து எழுதுவது எளிது. பயத்தையும் மூளையின் பலவீனத்தையும் பிரித்தறிய, இரண்டையும் தினம் பார்க்கும் இடத்தில் பழகியிருக்க வேண்டும்.

உலகம் இதை முன்பே கண்டது. ஜார்ஜ் பிராட்லி என்ற அமெரிக்கச் செல்வந்தரின் மகள் எம்மாவுக்கு ஏழு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. பிழைத்தாள், ஆனால் பாதிப்பு வாழ்நாளெல்லாம் நின்றது. அவள் பெயரில் ரோட் ஐலண்டில் 1931இல் திறக்கப்பட்ட மருத்துவமனைதான் அந்நாட்டில் குழந்தைகளுக்கென வந்த முதல் மனநல மருத்துவமனை. மூளையிலிருந்து தொடங்கிய துன்பத்துக்கு நடத்தையில் தெரியும் முகம் என்ற புரிதல் அதன் அடித்தளத்திலேயே இருந்தது. 1937இல் சார்ல்ஸ் பிராட்லி என்ற மருத்துவர் அங்கேதான் பென்செட்ரின் மருந்து கொடுத்த குழந்தைகளின் நடத்தையும் படிப்பும் மாறுவதைக் கவனித்து எழுதினார். இன்றைய கவனக்குறைவுக் கோளாறு மருத்துவத்தின் தொடக்கப் புள்ளிகளில் அது ஒன்று.

1997இல் ஹூஸ்டனில் கூடிய அமெரிக்க நரம்பு உளவியலாளர்கள், முனைவர் பட்டம் முடித்த பிறகு இரண்டு ஆண்டு முழுநேர மருத்துவமனைப் பயிற்சி பெற்றவரையே இத்துறை வல்லுநராக ஏற்பது என்று வகுத்தார்கள். மூளைக்கூறும் படிக்க வேண்டும், மனநோயும் படிக்க வேண்டும். மூத்தவரின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்க வேண்டும். குழந்தைப் பிரிவில் பயிலும் ஒருவர் பிரசவ வரலாறு முதல் பள்ளி நோட்டு வரை வாங்கிப் பார்த்து, சோதனைகளை எடுத்து, அறிக்கை எழுதி, மூத்தவரிடம் திருத்தம் வாங்கி, கடைசியில் பெற்றோரை எதிரே உட்காரவைத்துச் சொல்லவும் கற்கிறார். இந்தக் கடைசி வேலைதான் மிகக் கடினம் என்று நினைக்கிறேன். அறிக்கையில் உள்ள எண்ணை ஒரு தாய்க்கு நாளைக் காலை செய்யவேண்டிய வேலையாக மாற்றிச் சொல்ல வேண்டும்.

நம் நாட்டில் வேர் இல்லாமல் இல்லை. பெங்களூரு மனநல மருத்துவமனையும், 1954இல் தொடங்கிய அகில இந்திய மனநலக் கழகமும் 1974இல் இணைந்துதான் நிம்ஹான்ஸ் பிறந்தது. மனநோயும் நரம்பு நோயும் ஒரே வளாகத்தில் இருந்ததால்தான் சி.ஆர். முகுந்தன் போன்றவர்கள் அங்கே நரம்பு உளவியலை வளர்த்தெடுக்க முடிந்தது. ஆனால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு வகைகளில் மருத்துவ உளவியலாளர் உண்டு, மறுவாழ்வு உளவியலாளர் உண்டு. நரம்பு உளவியலாளர் இல்லை. குழந்தைக்கானவர் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமும் இரண்டு ஆண்டு எம்.பில். பயிற்சியோடு நின்றுவிடுகிறது. அதன் பிறகு முனைவர் பட்டம் என்பது ஆராய்ச்சிப் பட்டம். அதில் மருத்துவமனை மேற்பார்வை கட்டாயம் கிடையாது. மனநல மருத்துவர் குழந்தைப் பிரிவில் மேற்படிப்பாக டி.எம். படிக்கலாம். அவருக்குப் பக்கத்து அறையில் அதே குழந்தையைச் சோதிக்கும் உளவியலாளருக்கு அதற்கு இணையான, பதிவுள்ள படிக்கட்டு இல்லை.

சாதாரண மருத்துவ உளவியலாளருக்கே தட்டுப்பாடு. இதில் உயர் பயிற்சி எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. எல்லாக் குழந்தைக்கும் நாள் முழுக்கச் சோதனை தேவையில்லை. பெரும்பாலானோருக்கு நல்ல ஆசிரியரும் காது, கண், இரத்தப் பரிசோதனையும் போதும். ஆனால் கீழ்த்தளத்தில் ஆட்களைப் பெருக்கிவிட்டு, சிக்கலான குழந்தையை அனுப்ப மேலே ஒருவரும் இல்லை என்றால், கீழே இருப்பவர் தன்னால் இயன்ற முத்திரையைக் குத்திவிடுவார். அவர் மேல் தவறில்லை. திருத்த ஆள் இல்லாத இடத்தில் முத்திரை நிலைத்துவிடுகிறது. ஒருவர் இருந்தால் மாவட்டத்தின் தொடக்கநிலை இடையீட்டு மையமும் பள்ளிக் கவுன்சிலரும் மாதம் ஒருமுறை அவரிடம் கலந்து பேசலாம். அவர்களுடைய கையும் பழகும்.

திருச்சூரில் 1889இல் தொடங்கிய அரசு மனநல மையம் இருக்கிறது. பாலக்காட்டில் 2014இல், பட்டியல் சாதியினர் மேம்பாட்டுத் துறையின் பொறுப்பில் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கோழிக்கோட்டில் இம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் நிறுவனம் இருக்கிறது. இந்த மூன்றையும் இணைத்து, நிம்ஹான்ஸ் வழிகாட்டலில் இரண்டு ஆண்டு உதவித்தொகைப் பயிற்சி ஒன்றைத் தொடங்கலாம். தொடக்கத்தில் நான்கு இடங்கள் போதும். அதில் இரண்டைத் தமிழும் மலையாளமும் பேசுபவருக்கு ஒதுக்க வேண்டும். பயிற்சியின் ஒரு பகுதி கொழிஞ்சாம்பாறையிலும் மூணாறிலும் நடக்க வேண்டும். அங்கே சேரும் அளவீடுகளிலிருந்தே இருமொழிக் குழந்தைகளுக்கான ஒப்பீட்டு அளவுகள் மெல்ல உருவாகும். கோவை எலப்புள்ளிக்குத் திருச்சூரைவிட அருகில்; இங்குள்ள பெற்றோர் வாளையார் தாண்டி அங்கே போவதும் புதிதல்ல. தமிழ்நாடு அரசும் இதில் கைகோக்கலாம். அமெரிக்க முறையை அப்படியே பெயர்த்துவைக்கச் சொல்லவில்லை. அதன் செலவு நமக்குத் தாங்காது. மேற்பார்வை என்ற ஒன்றை மட்டும் விட்டுவிடக் கூடாது.

மனநல மருத்துவமனைகள் இருக்கும் குதிரவட்டம், ஊளம்பாறை என்ற பெயர்கள் கேரளத்தில் வசைச்சொல்லாகவே புழங்குகின்றன, தமிழகத்தில் கீழ்ப்பாக்கம் போல. பிள்ளையை அந்த வாசலுக்கு அழைத்துப் போகப் பெற்றோர் கூசுவது எனக்குப் புரிகிறது. அதனால்தான் வெளிநோயாளி அறை பள்ளிக்கு அருகே வர வேண்டும் என்கிறேன். பயிற்சியின் வேர் மட்டும் மருத்துவமனையில் இருக்கட்டும்.

இதைப் பேச இப்போதே நேரம். எம்.பில். பட்டத்தை ஒழித்த பல்கலைக்கழக மானியக் குழு, மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை அவகாசம் கொடுத்தது. அதன் இடத்துக்குப் புதிய படிப்புகள் வடிவம் பெறுகின்றன. எத்தனை தாள், எத்தனை மதிப்பெண் என்ற விவாதத்தோடு அது முடிந்துவிடக் கூடாது. பட்டத்துக்குப் பிறகு எந்த மருத்துவமனையில், யார் மேற்பார்வையில், எத்தனை குழந்தைகளை, எந்தெந்த மொழியில் பார்க்க வேண்டும் என்பதை மறுவாழ்வுக் குழுமம் அந்தப் பாடத்திட்டத்திலேயே எழுதி வைக்க வேண்டும். நரம்பு உளவியலாளர் என்ற பதிவு வகையையும் அதோடு சேர்க்க வேண்டும்.