ஸ்டார்ட்டர் புதிது, எர்த் குழி எங்கே?

நவரை நெல் பூக்கும் வாரத்தில் போர்வெல் மோட்டார் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏரியில் தண்ணீர் இருக்காது. பக்கத்து வயல்காரருக்கும் அதே அவசரம். அவரிடம் ஒரு நாள் கேட்கலாம், தினமும் கேட்க முடியாது. பூக்கும் தருணத்தில் வயல் காய்ந்தால் மகரந்தம் வீணாகிப் பதர் கூடிவிடும். அதன் பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் பதர் நெல்லாகாது.

சில ஆண்டுகளுக்கு முன், பெரிய காஞ்சிபுரத்திலிருந்து பாலாற்றுப் பக்கம் போகும் வழியில் ஒரு விவசாயியின் வயலில், காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் முறையைச் சோதித்துக்கொண்டிருந்தேன். மண்ணின் ஈரத்தை மணிக்கொரு தரம் பதிவு செய்யும் கருவி ஒன்றை மோட்டார் ஷெட்டில் வைத்து, அங்கிருந்தே அதற்கு மின்சாரமும் எடுத்திருந்தேன். அவர் கைபேசியில் இயங்கும் ஸ்டார்ட்டர் பொருத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஏப்ரல் மாதத்து மாலை ஒன்றில் கோடை இடி. மறுநாள் காலை போனால் என் கருவி செத்துக் கிடந்தது. அவருடைய ஸ்டார்ட்டர் போர்டு கருகியிருந்தது. மோட்டாரின் காயிலும் போயிருந்தது. மோட்டாரை மேலே இழுத்து, காயில் கட்டி, மறுபடி இறக்கி முடிக்க ஒன்பது நாள் ஆனது. வயல் அப்போது பூவில் இருந்தது.

“இடி இடித்தால் நாம் என்ன சார் செய்ய முடியும்?” என்று அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். நானும் தலையாட்டினேன். இன்று தலையாட்ட மாட்டேன். இடி அந்த வயலில் விழவே இல்லை. எங்கோ தள்ளி விழுந்தது, மின்கம்பி வழியாக ஷெட்டுக்கு வந்தது. ஷெட்டில் எர்த் என்ற பெயரில் இருந்தது, மணலில் அடித்த முழங்கை நீள இரும்புக் கம்பி. என் கருவியின் எர்த் வயரையும் அதில்தான் சுற்றியிருந்தேன். மண்ணைப் படித்து முனைவர் பட்டம் வாங்கியவன் செய்த வேலை அது.

அதற்குப் பிறகு நான் போகும் ஊர்களிலெல்லாம் மோட்டார் ஷெட்டுக்குள் எட்டிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். வாலாஜாபாத் பக்கமும் உத்திரமேரூர் பக்கமும் பார்த்தவரை, பெட்டி புதிதாக இருக்கிறது. எர்த் இல்லை, அல்லது பெயருக்கு இருக்கிறது. கைபேசி ஸ்டார்ட்டருக்கு வேளாண் பொறியியல் துறை மானியம் தருகிறது. சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. நல்ல திட்டங்கள்தான், குறை சொல்ல வரவில்லை. ஆனால் கருவிக்குக் கொடுக்கும் கவனத்தில் கால் பங்கையாவது அது நிற்கும் மண்ணுக்குக் கொடுக்க வேண்டும் என்பதே என் வாதம்.

பழைய ஸ்டார்ட்டர் என்பது ஒரு கைப்பிடி, ஒரு காயில், சில செம்புத் தகடுகள். 415 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 340 வந்தாலும் முனகிக்கொண்டே பிடித்துவிடும். புதிய பெட்டிக்குள் இருப்பதோ விரல்நகம் அளவு சிப்புகள். அவை 5 வோல்ட்டுக்கும் அதற்குக் கீழும் வேலை செய்பவை. ஒரு நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு நேரம் அளவு மீறினால் போதும், தீர்ந்தது. “எங்கள் வீட்டில் எம்.சி.பி. இருக்கிறதே, ஸ்டெபிலைசர் இருக்கிறதே” என்பார்கள். எம்.சி.பி. விழுவதற்கு நொடியில் நூறில் ஒரு பங்காவது வேண்டும். இடியால் வரும் மின் எழுச்சி அதற்குள் வந்து, சுட்டு, போயே போய்விடும். ஸ்டெபிலைசர் கூடக்குறைய வரும் வோல்ட்டேஜைச் சமன் செய்யத்தான்; இந்த அடிக்கு அது தானே முதல் பலியாகும்.

இந்த எழுச்சியைத் தடுத்து நிறுத்த முடியாது. வழி காட்டித்தான் விட முடியும். ‘சர்ஜ் அரெஸ்டர்’ என்று கடையில் கேட்டால் தருவார்கள். உள்ளே துத்தநாக ஆக்சைடு வில்லைகள் இருக்கும். வழக்கமான வோல்ட்டேஜில் அது மின்சாரத்தை விடாது. அளவு மீறினால் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் முன்பே திறந்து, அத்தனையையும் எர்த் வயருக்குத் தள்ளிவிட்டு மறுபடி மூடிக்கொள்ளும். மதகு போல. ஆனால் மதகைத் திறந்தால் தண்ணீர் போக வாய்க்கால் வேண்டாமா? எர்த் குழிதான் அந்த வாய்க்கால். 1,000 ஆம்பியர் எழுச்சி 50 ஓம் தடையுள்ள எர்த்தில் இறங்கினால், ஓம் விதிப்படி அந்த இடத்தில் 50,000 வோல்ட் எழும்பும். போக வழியில்லாத வெள்ளம் பெட்டிக்குள்தான் திரும்பும்.

இதில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. ஷெட்டில் எர்த் மோசமாக இருந்தால் மின்சாரம் அடுத்த நல்ல எர்த்தைத் தேடும். போர்வெல்லில் அது எது தெரியுமா? தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் உங்கள் மோட்டார்தான். நீர்மூழ்கி மோட்டாரின் உடல் நிலத்தடி நீரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அதைவிட நல்ல எர்த் அந்த வயலிலேயே கிடையாது. ஆகவே எழுச்சி கேபிள் வழியாகக் கீழே இறங்கி, காயிலின் இன்சுலேஷனை ஓட்டை போட்டுக்கொண்டு தண்ணீரில் கலக்கிறது. என் விவசாயியின் மோட்டார் போனது இப்படித்தான். போர்வெல்லில் இரும்பு கேசிங் இருந்தால் அதையும் ஷெட்டின் எர்த்தோடு சேர்த்து இணைப்பது நல்லது. இப்போது பெரும்பாலும் பி.வி.சி. கேசிங், அது உதவாது.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். மண்ணுக்கு மண் எர்த் மாறும். ஏரிப் பாசனக் களிமண் ஈரத்தையும் உப்புகளையும் பிடித்து வைத்திருக்கும். மின்சாரம் எளிதாகப் பரவும். பாலாற்றங்கரை மணல் அப்படியல்ல. காய்ந்த மணலின் மின்தடை, ஈரக் களிமண்ணைப் போல் பல பத்து மடங்கு. நெல்லுக்கு எந்த மண்ணில் அடிக்கடி தண்ணீர் கட்டுகிறீர்களோ, அதே மண்ணில்தான் எர்த்தும் காய்ந்து போகிறது. சோதனை என்னவென்றால், மண் மிகவும் காய்ந்திருக்கும் ஏப்ரல், மே மாதங்களில்தான் கோடை இடியும் வருகிறது. அதற்குப் பிறகு ஆகஸ்ட், செப்டம்பரில் மாலை, இரவு நேரத்து இடிமழை. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை வந்த பிறகு மண் நனைந்து எர்த் தானே சரியாகிவிடும். மழைக்காலத்தில் அளந்து பார்த்துவிட்டு “நன்றாக இருக்கிறது” என்று சான்று கொடுப்பது, நிரம்பிய ஏரியைப் பார்த்துவிட்டுக் கோடைக்குத் தண்ணீர் உண்டு என்பதைப் போன்றது.

அதனால் மணற்பாங்கான நிலத்தில் கம்பியை ஆழமாக இறக்குங்கள். தடிமனைக் கூட்டுவதால் பெரிய பலன் இல்லை. நீளத்தை இரட்டித்தால் தடை ஏறத்தாழ பாதியாகும். 3 மீட்டர் கம்பி இரண்டை, அவற்றின் நீளத்துக்குக் குறையாத இடைவெளியில் அடித்து இணைத்தால் இன்னும் நல்லது. 5 ஓம்க்குள் வருகிறதா என்று எர்த் டெஸ்டரால் அளந்து காட்டச் சொல்லுங்கள். கரியும் உப்பும் கொட்டுவது பழைய பழக்கம். உப்பு இரண்டு மழையில் கரைந்து போகும், போகும்போது இரும்பையும் அரித்துவிட்டுப் போகும். அந்த உப்பு உங்கள் வயலுக்குள்தான் இறங்குகிறது என்பதில் எனக்குத் தனி வருத்தம். அதற்குப் பதில் பென்டோனைட் களிமண் போடலாம், ஈரத்தை விடாது. செலவில்லாத வழி, மோட்டார் ஓடும்போது தண்ணீர் கசியும் இடத்தருகே குழியை வைப்பது. கோடையில் வாரம் ஒரு முறை இரண்டு குடம் ஊற்றினாலும் சரி.

மோட்டார், ஸ்டார்ட்டர் பெட்டி, அரெஸ்டர், சொட்டுநீர்க் கட்டுப்பாட்டுக் கருவி எல்லாவற்றையும் ஒரே எர்த்தில் சேர்க்க வேண்டும். தனித்தனி எர்த் பாதுகாப்பு என்று சில எலக்ட்ரீஷியன்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். இடி இறங்கும் நேரத்தில் இரண்டு எர்த்துக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் வரும். அது கருவியின் உள்ளே புகுந்துதான் சமனாகும். அரெஸ்டரின் வயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. அழகுக்காகச் சுவரோரம் வளைத்து வளைத்துக் கொண்டுபோனால் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 1,000 வோல்ட் கூடுதலாகப் பெட்டியின் தலையில் ஏறும்.

இதை நம் ஊரிலேயே ஒருவர் எனக்கு முன்னால் புரிந்துவைத்திருந்தார். பிள்ளையார்பாளையத்தில் எனக்குத் தெரிந்த நெசவாளர். தறியில் அட்டை கோத்த ஜக்கார்டை எடுத்துவிட்டு மின்னணு ஜக்கார்டு பொருத்தியபோது, பெட்டி வருவதற்கு முன்பே கொல்லையில் எர்த் குழி வெட்டிவிட்டார். “பாதி முந்தானையில் நின்றால் யார் பதில் சொல்வது?” என்றார். நம் பாதி முந்தானைதான் பூக்கும் பருவம்.

ஊர்ப்பேச்சில் இன்னொன்றும் உண்டு. கோபுரக் கலசத்தில் வரகு நிரப்புவதால் இடி இறங்காது என்பார்கள். கிருஷ்ணதேவராயர் 1509இல் எழுப்பிய ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்தைக் காட்டி என்னிடமே வாதிட்டவர்கள் இருக்கிறார்கள். வரகு நெடுநாள் கெடாத தானியம் என்பதற்கு நான் பொறுப்பு. ஆனால் உயரத்தில் உள்ள உலோகம் இடியை வாங்கிக்கொண்டால் மட்டும் போதாது. அங்கிருந்து மண்வரை தடித்த கம்பி இறங்க வேண்டும். கோபுரமானாலும் ஷெட்டானாலும் இதுதான் கணக்கு.

இடி மட்டும்தான் காரணம் என்று முடித்துவிட்டால் மின்வாரியம் தப்பித்துவிடும். தாழ்வழுத்த இணைப்பில் வோல்ட்டேஜ் 6 சதவீதம்வரை கூடலாம், குறையலாம் என்பது விதி. அதாவது 415க்கு 390 முதல் 440 வரை. வரிசையின் கடைசியில் இருக்கும் மோட்டார்களுக்கு இது கனவு. வோல்ட்டேஜ் 80 சதவீதமாகக் குறைந்தால் மோட்டாரின் இழுவிசை 64 சதவீதமாகிவிடும். ஆம்பியர் ஏறி, காயில் சுடும். 1990 முதல் நமக்கு மின்சாரம் இலவசம். இலவசம் என்பதாலேயே வாய் திறக்கத் தயங்குகிறோம். பணம் கட்டாத மின்சாரம் தரம் கெட்டதாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2004ஆம் ஆண்டு விதிமுறைகளில் வோல்ட்டேஜ் புகார்களைத் தீர்க்கவும் காலக்கெடு உண்டு. எழுத்தில் கொடுங்கள், ரசீது வாங்குங்கள்.

நம் பக்கத் தவறும் இருக்கிறது. ஒரு பேஸ் போனதும் கண்டென்சர் போட்டு இரண்டு பேஸில் மோட்டாரை ஓட்டுகிறோம். அதே டிரான்ஸ்பார்மரில் இருக்கும் அடுத்தவர் போர்டு எரிவதற்கு இதுவும் காரணம். மின்சாரம் திரும்ப வந்த நொடியில் ஊரிலுள்ள அத்தனை ஆட்டோ ஸ்டார்ட்டர்களும் ஒன்றாக விழுகின்றன. நேரடி ஸ்டார்ட்டரில் ஒரு மோட்டார் கிளம்பும்போது வழக்கமானதைவிட 6 மடங்கு ஆம்பியர் இழுக்கும். இருபது மோட்டார் ஒன்றாக இழுத்தால் வோல்ட்டேஜ் படுத்துவிடாமல் என்ன செய்யும்? பெட்டியில் நேரத்தாமதம் வைக்கும் வசதி உண்டு. ஒரே டிரான்ஸ்பார்மர்காரர்கள் உட்கார்ந்து பேசி, ஒருவர் 1 நிமிடம், அடுத்தவர் 2 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். வாய்க்காலுக்கு முறை வைத்த ஊர்கள்தானே நாம்.

கைபேசியில் ‘ஆஃப்’ கொடுத்துவிட்டால் பத்திரம் என்று நினைக்காதீர்கள். மோட்டார்தான் நிற்கிறது, பெட்டி கம்பியோடு ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. மோட்டாருக்கும் கம்பிக்கும் நடுவே கான்டாக்டரில் இருப்பது சில மில்லிமீட்டர் இடைவெளி. இடிக்கு அது தாண்டக்கூடிய வரப்பு. வானம் கறுக்கும் முன்பே மெயினை இறக்கிவிட வேண்டும். சொட்டுநீர் வால்வுகளுக்குப் போகும் நீண்ட வயர்களையும் கழற்றிவிடுங்கள். நூறு மீட்டர் வயர் இடியின் தாக்கத்தை வாங்கிக் கருவிக்குக் கொண்டுவரும். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி, நீங்கள் இருக்கும் இடத்துக்கு அருகே மின்னல் வந்தால் எச்சரிக்கும். இடி தொடங்கிவிட்டால் ஷெட்டுக்கு ஓடாதீர்கள். போர்டு போனால் போகட்டும். நேரே தலையில் விழும் இடிக்கு எந்த அரெஸ்டரும் ஈடு கொடுக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மானியத் திட்டங்களை வகுப்பவர்களிடம் கேட்பது ஒன்றே. கைபேசி ஸ்டார்ட்டரோ சொட்டுநீர்க் கட்டுப்பாட்டுக் கருவியோ, மதிப்பீட்டிலேயே எர்த் குழியையும் அரெஸ்டரையும் சேருங்கள். பொருத்த வருபவர் எர்த் தடையை அளந்து, தேதியோடு பெட்டியின் மேல் எழுதிவிட்டுப் போகட்டும். அந்த எண் இல்லாமல் பட்டியலுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். மே மாதத்தில் ஒரு முறை திரும்ப வந்து அளக்கட்டும். ஒரு மோட்டாரை மேலே இழுத்து, காயில் கட்டி, இறக்கும் செலவுக்கு முன் இது பெரிய தொகையல்ல.

அரெஸ்டர் பலவற்றில் சின்னக் கண்ணாடி ஒன்று இருக்கும். பச்சையாக இருந்தால் வேலை செய்கிறது. சிவப்பானால் மாற்ற வேண்டும். அடுத்த முறை ஷெட்டுக்குப் போகும்போது அந்த நிறத்தைப் பாருங்கள். கண்ணாடியே இல்லை, அரெஸ்டரும் இல்லை என்றால், ஸ்டார்ட்டர் பொருத்திய எலக்ட்ரீஷியனை சித்திரை பிறக்கும் முன் கூப்பிட்டுவிடுங்கள்.